திருத்தாமல் பக்கத்தில் இருப்பது: வீட்டில் கற்கும் பிள்ளைக்கு ஓவியமும் கைவினையும்

எங்கள் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தபோது, கணக்குக்கும் அறிவியலுக்கும்தான் நான் அதிகம் தயங்கினேன். ஓவியம் பற்றிக் கவலையே படவில்லை. ஒரு வண்ணப்பெட்டி, ஒரு கட்டுத் தாள், படம் அச்சிட்ட வண்ணம் தீட்டும் புத்தகங்கள் நான்கைந்து இருந்தால் அந்தப் பாடம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் புத்தகங்கள் எல்லாம் நிறைந்தன. கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டும் பழக்கத்தைத் தவிரப் பிள்ளைகளிடம் புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை.

என் தவறு என்னவென்று ஏழு வயது மகன் ஒரு நாள் காட்டிக்கொடுத்தான். அவன் எங்கள் வீட்டை வரைந்திருந்தான். சுவர், கூரை, வாசற்படி எல்லாம் வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தன. ஆனால் உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவும், அடுப்படியில் நிற்கும் நானும், பானைக்குள் இருக்கும் சோறும்கூடத் தெரிந்தோம். "சுவர் இருக்கும்போது அப்பா எப்படிடா தெரிவார்?" என்று கேட்டபடியே அழிப்பானை எடுத்து அவன் அப்பாவைப் பாதி அழித்துவிட்டேன். அவன் எதுவும் சொல்லவில்லை. தாளை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே வரைஞ்சு குடுங்கம்மா" என்றான். அதன் பிறகு மூன்று வாரம் அவன் பென்சிலைத் தொடவில்லை.

சுவரை ஊடுருவிப் பார்க்கும் இந்த வகைப் படம் பிழையே அன்று என்பது பிறகுதான் தெரிந்தது. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். 2 முதல் 4 வயது வரை கிறுக்கல், 4 முதல் 7 வரை தலையிலிருந்தே கைகால் முளைக்கும் மனித உருவங்கள், 7 முதல் 9 வரை எல்லாவற்றையும் ஓர் அடிக்கோட்டின் மேல் நிறுத்தி வைக்கும் பருவம். பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை வரைவது இந்த மூன்றாம் பருவத்தில்தான். வீட்டுக்குள் அப்பா இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும், ஆகவே வரைகிறான். வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை முன்பின்னாக இருக்கும் என்றாலும், வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையின் தாளில் உங்கள் கை படக்கூடாது. ஏதாவது வரைந்து காட்டியே ஆகவேண்டும் என்றால் உங்களுக்கென்று தனித் தாள் எடுத்து அதில் வரையுங்கள்.

இடமும் நேரமும்

தனி அறை வேண்டியதில்லை. ஒரு பழைய கோரைப்பாய், ஒரு பெரிய தாம்பாளம், கை கழுவ ஒரு வாளித் தண்ணீர், துடைக்கக் கிழிந்த வேட்டித் துணி, முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொள்ள அப்பாவின் பழைய சட்டை ஆகியவை போதும். முக்கியமானது, அந்த இடத்தில் கறை படிந்தால் யாரும் கோபப்படக்கூடாது என்ற ஏற்பாடு. நாங்கள் முதலில் கூடத்தில் வைத்திருந்தோம். சுவரில் மஞ்சள் தெறித்த நாளிலிருந்து மாடிப்படியின் கீழே இருக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டோம்.

வண்ணங்கள் குறைவாக இருப்பது நல்லது. 24 நிறப் பெட்டி கொடுத்தால் பிள்ளை பச்சையைத் தேடி எடுக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு போஸ்டர் வண்ணப் புட்டிகளை மட்டும் கொடுத்தால் பச்சையை உண்டாக்கும். வாழையிலைப் பச்சை வேறு, வேப்பங்கொழுந்துப் பச்சை வேறு, பாசிப் பச்சை வேறு என்பதை என் மகள் அப்படித்தான் கண்டுகொண்டாள். கறுப்பைச் சில மாதங்களுக்குத் தரவேண்டாம். கையில் கறுப்பு இருந்தால் பிள்ளைகள் நிழலையெல்லாம் கறுப்பாலேயே போட்டுவிடுவார்கள். தூரிகை இரண்டு போதும், உருண்டை முனையில் ஒன்று, பட்டையாக ஒன்று. இரும்புக் கதவுக்குப் பூசும் எனாமல் வண்ணமும், என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதாத மலிவு வண்ணப் பொடிகளும் பிள்ளைகள் கைக்கு வரவே கூடாது.

வீட்டில் கற்பிப்போருக்குக் கிடைக்கும் பெரிய வசதி மணி அடிக்காத நேரம். அதை வீணாக்கி, எல்லாப் பாடமும் முடிந்து பிள்ளை சோர்ந்த பிறகு ஓவியத்துக்கு அரை மணி ஒதுக்குவது பயன் தராது. நாங்கள் வாரத்தில் இரண்டு நாள் காலை உணவுக்குப் பிறகு ஒன்றரை மணிக்குக் குறையாமல் இதற்கே கொடுக்கிறோம். முதல் இருபது நிமிடம் பிள்ளை பொருளைப் பிசைந்து, கொட்டி, வீணடிப்பதிலேயே போகும். உருப்படியான யோசனை அதற்குப் பிறகுதான் வரும். "பள்ளிக்கூடமும் போகல, காலங்காத்தால சாயத்துல கை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று உறவினர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருக்கவும் சற்றுப் பழக்கம் வேண்டும்.

அடுப்படியிலிருந்து வண்ணங்கள்

நான் செய்து பார்த்தவற்றில் அதிக நாள் ஓடியதும், ஓவியத்தையும் அறிவியலையும் பிரிக்கமுடியாமல் ஆக்கியதும் இந்த வேலைதான். ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பாவதை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை அரை டம்ளர் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறியதும் கெட்டியான வெள்ளைத் தாளில் பட்டைத் தூரிகையால் முழுவதும் பூசிக் காயவிடுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் பயறளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். காதுப் பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்து மஞ்சள் தாளில் கோடு போட்டால் கோடு செம்பழுப்பாக எழும்பும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். அந்தக் கோட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், கரைத்துத் தெளியவைக்கும் வேலையைப் பெரியவர்களே செய்யவேண்டும். நீர் சேர்க்காத சுட்ட சுண்ணாம்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

இவ்வளவு காட்டியதோடு நான் நிறுத்திக்கொண்டேன். "வேறு எதால் மாறும் என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன். பத்து வயது மகள் அடுப்படிக்குப் போய்த் தயிர், புளித்தண்ணீர், துணி துவைக்கும் சோப்பு, அடுப்புச் சாம்பல் கரைத்த நீர், சர்க்கரைத் தண்ணீர் ஆகியவற்றை வரிசையாக எடுத்துவந்தாள். சோப்பும் சாம்பல் நீரும் சிவக்கவைத்தன, மற்றவை ஒன்றும் செய்யவில்லை. சோப்பு சற்று மங்கலான சிவப்பையும் சுண்ணாம்பு அழுத்தமான சிவப்பையும் தருகின்றன என்று கண்டு, ஒன்றைத் தூரத்து மலைக்கும் மற்றொன்றைப் பக்கத்து மரத்துக்கும் பயன்படுத்தி ஒரு அந்திப்பொழுது வரைந்தாள். அந்த யோசனையை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒருநாள் வேலையாக முடிந்திருக்கும்.

பிறகு வீட்டைச் சுற்றி இருப்பவற்றுக்குப் போகலாம். பதினைந்து இருபது நீலச் சங்குப்பூக்களைக் கால் டம்ளர் வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். எலுமிச்சை சேர்த்தால் ஊதா, சமையல் சோடா சேர்த்தால் பச்சை கலந்த நீலம். செம்பருத்தி இதழைத் தாளில் நேரடியாகத் தேய்த்தாலே நீலம் கலந்த ஊதாக் கறை விழும், அதன் மேல் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகும். அவரை இலையை அப்படியே தேய்த்தால் பச்சை கிடைக்கும். பீட்ரூட் சாறு பார்க்க அழகாக இருந்து, சில நாளில் பழுப்பேறி ஏமாற்றிவிடும். செங்கல், காவிக்கல், அடுப்புக்கரி ஆகியவற்றை நன்றாக இடித்து மெல்லிய துணியில் சலித்து எடுத்துக்கொண்டு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கருவேலம் பிசினை இரவு முழுதும் வெந்நீரில் ஊறவைத்துக் கிடைக்கும் பசைநீரில் குழைத்தால், தாளை விட்டு உதிராத வண்ணங்களாகும். இடிக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளவேண்டும்.

ஒரு மாதம் சுவரில் மாட்டியிருந்த மகளின் மஞ்சள் அந்தி வெயில்பட்டு வெளுத்துப்போனது. அவள் அழுதாள். பக்கத்திலேயே மாட்டியிருந்த மகனின் காவி யானை அப்படியே இருந்தது. மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், மண்ணிலிருந்து வரும் காவியும் கரியும் சிதைவதில்லை என்று அப்போதுதான் விளக்கினேன். புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அந்த ஓவியத்தில் நிறம் இன்னும் தெரிவதற்குக் கனிமங்களிலிருந்து எடுத்த வண்ணங்கள் முக்கியக் காரணம். அழுதுகொண்டிருந்தவள் உடனே அந்தியை மறுபடி காவியில் வரையத் தொடங்கினாள் என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டுத்தான் தொடங்கினாள்.

விழாத பொம்மை

தட்டிவிட்டாலும் ஆடி ஆடி மீண்டும் நிமிரும் தஞ்சாவூர்ப் பொம்மையைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் அதுபோல் செய்யவேண்டும் என்று கேட்கும். அடிப்பாகம் உருண்டையாகவும், எடையெல்லாம் அடியிலும் இருப்பதுதான் அதன் சூட்சுமம். இதையும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

உடலுக்குக் காகிதக் கூழ் வேண்டும். பழைய நாளிதழ்த் தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றவேண்டும். நான்கைந்து தாளுக்கு ஒரு பிடி வெந்தயம் என்ற கணக்கில் தனியே ஊறவைத்து, பிழிந்த காகிதத்தோடு சேர்த்து வழுவழுப்பாக அரைத்துக்கொள்ளவேண்டும். நம் பாட்டிமார் வெந்தயம் சேர்த்துக் காகிதக் கூடை செய்த அதே முறைதான் இது. வெந்தயத்தின் பிசுபிசுப்பு பசையாக நின்று கூழை இறுக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிறிது மஞ்சள்தூளும் சேர்ப்பார்கள். அச்சுமை கலந்திருப்பதால் இந்தக் கூழில் செய்த எதிலும் தின்பண்டம் வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் தொடங்காதீர்கள் என்பது என் அனுபவத்தில் தெரிந்தது. ஒரு ஐப்பசியில் நாங்கள் செய்த கிண்ணங்கள் காய மறுத்துப் பூஞ்சை பிடித்து, வீடே நாறி, அத்தனையையும் குப்பையில் போட்டோம். நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து நாளில் காய்ந்துவிடும்.

பாதித் தேங்காய்ச் சிரட்டையின் வெளிப்பக்கத்தில் பழைய துணியைச் சுற்றி அதன் மேல் கூழை விரலளவு கனத்தில் அப்பி, காய்ந்த பின் கழற்றி எடுத்தால் உருண்டையான அடிப்பாகம் கிடைக்கும். மேல்பாகத்துக்குக் கெட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, அதன் மேலும் மெல்லிய கூழ் பூசலாம். என் மகள் தன் பொம்மைக்குப் பெரிய கொண்டை வேண்டும் என்று தலையைக் களிமண்ணில் செய்து வைத்தாள். பொம்மை உடனே படுத்துவிட்டது. அடியில் கொஞ்சம் களிமண் வைத்தாள், மறுபடி படுத்தது. இன்னும் கொஞ்சம் வைத்தாள். தட்டினால் சாய்ந்த இடத்திலேயே நின்றது. மூன்றாம் நாள் கொண்டையைப் பிய்த்து அடியில் அப்பிவிட்டு, தலைக்குக் காகிதக் கொண்டை செய்து ஒட்டியபோது பொம்மை ஆடி நிமிர்ந்தது. அந்த மூன்று நாளும் "தலையை லேசாக்கு" என்ற ஒரு சொல் என் நாக்கின் நுனியிலேயே இருந்தது. சொல்லாமல் இருப்பதற்காக இரண்டு முறை எழுந்து போய்த் துணி மடித்தேன்.

தம்பியின் பொம்மைக்கு முகமே இல்லை, உடல் முழுவதும் கண்கள். ஏன் என்று கேட்கவில்லை. "இதைப் பற்றிச் சொல்லு" என்றேன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பார்க்கவேண்டும் அல்லவா என்றான்.

கோலம், அச்சு, பார்த்து வரைதல்

கோலத்தைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக வைத்திருப்பது நமக்கு நட்டம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் கோலங்களின் அமைப்பைக் கணினியியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். வீட்டில் செய்ய வேண்டியது எளியது. ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்துக்கொடுத்து, கோடு எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது, எல்லாப் புள்ளியையும் சுற்றிவர வேண்டும், தொடங்கிய இடத்திலேயே முடியவேண்டும் என்ற மூன்று விதிகளை மட்டும் சொல்லிவிட்டுப் புதிதாக ஒரு சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். முதலில் சிலேட்டில், பிறகு வாசலில். விதி இறுக்கமாக இருக்கும்போது பிள்ளைகள் எப்படியெல்லாம் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பது வியப்பாக இருக்கும். மாவுக்குப் பச்சரிசி மாவே நல்லது. கல்மாவுத் தூள் மூச்சில் ஏறும்.

வெண்டைக்காயையும் வாழைத்தண்டையும் வெட்டி அச்சு வைப்பது மழைநாளுக்கு உகந்த சின்ன வேலை. உருளைக்கிழங்கில் உருவம் செதுக்குவதற்குக் கத்தி வேண்டாம், கரண்டிக் காம்பே போதும்.

ஒன்பது, பத்து வயதில் வேறொரு சிக்கல் வரும். அதுவரை தயக்கமின்றி வரைந்த பிள்ளை, தன் படம் உண்மைப் பொருளைப்போல் இல்லை என்று கண்டு "எனக்கு வரையவே வராது" என்று ஒதுங்கும். புகழ்ந்து தேற்றினால் நம்பமாட்டார்கள், ஏனெனில் அவர்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. இந்தக் கட்டத்தில் உற்றுப் பார்க்கும் பயிற்சி உதவும். மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தில், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையும் அதன் அருகே எலிகளும் உண்டு. அங்கே போனபோது மகளை மற்ற எதையும் விட்டுவிட்டு அந்தப் பூனையை மட்டும் இருபது நிமிடம் வரையச் சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்க்காமல், பூனையின் ஓரத்தைக் கண்ணால் தொடர்ந்தபடியே கையை நகர்த்தவேண்டும் என்பது விதி. வந்த கோடு கோணலாகத்தான் இருந்தது, ஆனால் அது பூனையின் கோணல். வீட்டிலும் ஒரு பாகற்காயை வைத்து இதைச் செய்யலாம்.

பேச்சும் பரிசும்

"சூப்பர்" என்று சொல்வதை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். "இங்கே நீலத்தின் மேல் மஞ்சள் காயும் முன்பே போட்டிருக்கிறாய்" என்பதுபோல் கண்ணில் பட்டதை அப்படியே சொன்னால், அடுத்து பிள்ளை தானே பேசும். "இது என்ன, நாயா?" என்று கேட்பது அபாயம், அது குதிரையாக இருக்கும்.

வரைந்தால் மிட்டாய், நட்சத்திர ஒட்டு என்று பரிசு கட்டவும் வேண்டாம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மழலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், சில நாள் கழித்து விளையாட்டு நேரத்தில் வரைவதற்குச் செலவிட்ட நேரம், பரிசையே பார்க்காத பிள்ளைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. ஆகவே முடிந்த படத்தைத் தாத்தா ஆசையாகச் சட்டமிட்டு மாட்டினால் தடுக்காதீர்கள். முன்கூட்டி ஆசை காட்டுவதைத்தான் தவிர்க்கவேண்டும்.

சேர்த்துவைத்தல்

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதியையும், பிள்ளை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதிவையுங்கள். பின்னாளில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு அங்கே ஓவியமும் ஒரு பாடமாக உண்டு. அதற்கு இந்தக் கோப்பு நேரடியாகத் தேவைப்படாவிட்டாலும், பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் வைத்திருக்க வீட்டில் இடம் இராது. மாதக் கடைசியில் எது இருக்கவேண்டும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், மற்றவற்றைப் படம் பிடித்துக்கொண்டு காகிதக் கூழுக்கு அனுப்பலாம்.

சுடாத களிமண் உருவங்களை உடைத்து வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவைத்தால் ஓரிரு நாளில் மறுபடி பிசையும் பதத்துக்கு வந்துவிடும். பிள்ளையைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பு மேடையின் ஓரத்தில், காது உடைந்த ஒரு களிமண் முயல் எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கேட்கிறேன். "இன்னும் இல்லம்மா" என்கிறான்.